வீட்டிலிருந்தே சமூகப் பணி படிக்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் குடியிருக்கும் சமூகப் பணியாளர் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் வேலை செய்பவர் என்பதால் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன சம்பவங்களில் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

மெயின்டனன்ஸ் பாக்கி, லிஃப்ட் ரிப்பேர், போர் தண்ணீர் எல்லாம் பேசி முடித்து, காபியும் குடித்த பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தூக்கம் எனக்குப் புரிகிறது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நான் இன்று பேசுவதற்குக் காரணம் நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் வந்த ஒரு விளம்பரம். ‘வீட்டிலிருந்தே படியுங்கள், 6 மாதத்தில் மனநல ஆலோசகர் ஆகுங்கள், வேலை உறுதி’ என்று ஒரு படம். அடுத்த நாள் மூன்றாவது மாடி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் பி.எஸ்சி. முடித்தவர். கல்யாணமாகி, கையில் 2 வயதுக் குழந்தை. அந்தப் பெண்ணின் நாத்தனார் அமெரிக்காவில் ‘ஹியூமன் சர்வீசஸ்’ என்ற படிப்பை ஆன்லைனிலேயே படிக்கிறாராம். “நம்ம ஊர்லயும் இப்படிப் படிக்க முடியுமா? இந்த விளம்பரத்துக்குத் திங்கட்கிழமைக்குள்ள பணம் கட்டச் சொல்றாங்க, கட்டலாமா?” என்று கேட்டார்.

அக்கா கேட்டது இரண்டு கேள்வி. படிக்க முடியுமா என்பதற்கு, முடியும். பணம் கட்டலாமா என்பதற்கு, திங்கட்கிழமை கட்டாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு என் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் அந்தப் பெயரைத் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹியூமன் சர்வீசஸ் என்று சொல்வதற்கு ஏறக்குறைய நெருக்கமானது நம் நாட்டில் ‘சமூகப் பணி’. பட்டப் படிப்பு பி.எஸ்.டபிள்யூ., முதுகலை எம்.எஸ்.டபிள்யூ. கஷ்டத்தில் இருக்கிற மனிதரைச் சந்தித்து, அவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, அவருக்குக் கிடைக்க வேண்டிய உதவியோடு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. தானம் கொடுப்பது வேறு, இது வேறு. இதற்குப் படிப்பு இருக்கிறது, முறை இருக்கிறது, ரகசியம் காக்கிற ஒழுக்கம் இருக்கிறது.

இந்தியாவில் இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது 1936இல், மும்பையில், டாடா பெயரில் தொடங்கிய பள்ளியில். இன்றைக்கு டிஸ் என்று சொல்கிறோமே, அதுதான். சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைத் தொடங்கினார். நமக்குப் பக்கத்தில் மதுரை அழகர்கோவில் சாலையில் சமூக அறிவியல் கல்லூரி இருக்கிறது. ஆக இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. நம் பக்கத்து வீடுகளில் இன்ஜினீயரிங், நர்சிங், பி.எட். என்று பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் கதை.

நான் பி.காம். படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு 11 வருஷம் வீட்டில்தான் இருந்தேன். பையன் ஆறாம் வகுப்புக்குப் போனதும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு தவிப்பு. அப்போது இதே மாதிரி ஒரு விளம்பரம் பார்த்தேன். ‘ஒரு வருட ஆலோசகர் டிப்ளமோ.’ நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினேன். தபாலில் 4 புத்தகம் வந்தது. ஒரு நாள் பரீட்சை, அதுவும் புத்தகத்தைப் பார்த்தே எழுதினோம். தங்க எழுத்தில் சான்றிதழ் வந்தது. நான் அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன்.

ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது எதிரில் இருந்த அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சங்கிலியும் மூழ்கிப்போனது. வீட்டில் சொல்லவே எனக்கு 8 மாதம் ஆயிற்று. அதனால்தான் அக்காவிடம் திங்கட்கிழமை பணம் கட்டாதீர்கள் என்று சொன்னேன்.

ஆனால் அந்த அம்மா எனக்கு ஒரு நல்லதும் செய்தார். வெளியே வரும்போது, “படிக்கணும்னா முறையா எம்.எஸ்.டபிள்யூ. படிம்மா. எந்த டிகிரி இருந்தாலும் சேரலாம்” என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அப்படித்தான் நான் 2016இல் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அவர்களுக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பை நான் மூன்று வருஷத்தில் முடித்தேன். அதற்கும் மேலே போகக்கூட அவகாசம் தருகிறார்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். பாடம் ஆங்கிலத்தில்தான், அல்லது இந்தியில். ஆங்கிலம் எனக்கு முதல் 6 மாதம் மலையாக இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு தினமும் காலை 4:30 முதல் 6 வரை படித்தேன். பிறகு பழகிவிட்டது.

தமிழில்தான் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு 2002இல் நம் மாநில அரசு தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், நீங்கள் சேருகிற பருவத்தில், நீங்கள் சேருகிற பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கச் சொல்வது மூன்றே விஷயம். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒரு பட்டியல் வெளியிடுகிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, தொலைநிலையிலா ஆன்லைனிலா, எந்தப் பருவத்தில் நடத்தலாம் என்று அதில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, உங்கள் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் இருக்கிற படிப்பை முறையாக முடித்தால் அந்தப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இப்போது சேருகிறவர்கள் ‘டெப் ஐடி’ என்ற அடையாள எண்ணை யுஜிசி தளத்தில் தாங்களே உருவாக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்காமலே பட்டப் படிப்புக்குப் பணம் வாங்குகிற இடம் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, நீங்கள் ஆசைப்படுகிற வேலைக்கு எந்தத் தகுதி என்று சட்டத்திலோ வேலை அறிவிப்பிலோ பாருங்கள். படிப்பைப் பார்த்து வேலையைத் தேடாதீர்கள். வேலையைப் பார்த்துப் படிப்பைத் தேடுங்கள். இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். உளவியல் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. மருத்துவம் சார்ந்த துறைகளுக்கு 2021இல் வந்த தேசியச் சட்டத்தை ஒட்டி எடுத்த முடிவு அது. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும். ‘சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர்’ ஆக வேண்டுமானால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு 2 வருஷம் முழுநேரமாக எம்.பில். படித்திருக்க வேண்டும். முழுநேரம் என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. 6 மாதத்தில் மனநல ஆலோசகர் என்கிற விளம்பரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளர்களும் அந்த 2021 சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரி வேலைதான் வேண்டும் என்கிற இளம் பிள்ளைகள், வசதி இருந்தால் மதுரைக்கோ சென்னைக்கோ போய்க் கல்லூரியில் சேர்ந்து படிப்பதே பாதுகாப்பு என்பது என் யோசனை. வீட்டிலிருந்து படிப்பது, வேறு வழி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு.

மூன்றாவது, களப்பணி. ‘ஃபீல்ட் ஒர்க் எங்கே, யார் மேற்பார்வை?’ என்று கேளுங்கள். களப்பணியே இல்லாத சமூகப் பணிப் படிப்பு, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் படித்த கதைதான். இக்னோவில் களப்பணிக்குத் தனிக் குறிப்பேடு உண்டு. மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். அது முடியாமல் பட்டம் இல்லை.

இந்தக் களப்பணியைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

என் களப்பணியில் ஒரு பகுதி, காசநோய்க்காரர்களைத் தொடர்ந்து பார்ப்பது. சத்திரப்பட்டிப் பக்கம் உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். அங்கே ஒரு தறித் தொழிலாளி, 40 வயது இருக்கும், 2 மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார். காசநோய்க்குக் குறைந்தது 6 மாதம் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறும் ஆபத்து இருக்கிறது. நான் புத்தகத்தில் படித்ததை எல்லாம் அவரிடம் கொட்டினேன். கிருமி, நுரையீரல், குழந்தைகளுக்குத் தொற்றும் என்று 20 நிமிஷம் பேசினேன். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரமும் அவர் மாத்திரை வாங்க வரவில்லை.

என் மேற்பார்வையாளர் குறிப்பேட்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “20 நிமிஷத்துல அவர் எத்தனை நிமிஷம் பேசினார்?” எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

மறுபடியும் போனேன். இந்தத் தடவை தறி ஓடுகிற இடத்துக்கு வெளியே, டீக்கடையில் உட்கார்ந்து, “காலைல எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீங்க அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டேன். அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. மாத்திரை கொடுக்கிற நேரமும் அவர் தறியில் ஏறுகிற நேரமும் ஒன்று. மாத்திரைக்குப் போனால் அரை நாள் கூலி போகும். ஏன் லேட் என்று முதலாளி கேட்டால் நோயைச் சொல்ல வேண்டும், சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். அவருக்கு நோயைப் பற்றி அறிவு இல்லாமல் இல்லை. என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும், அவர் அப்பா அதில்தான் இறந்திருக்கிறார்.

காசநோய்த் திட்டத்தில் மாத்திரையை ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. ஊரில் நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் கொடுத்து வைத்து, அவர் முன்னால் சாப்பிட வைக்கலாம். அவர் தெருவிலேயே இருந்த அங்கன்வாடிப் பணியாளர் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் வேலை விட்டுப் போகும்போது அங்கே நின்று மாத்திரை போட்டுக்கொண்டு போனார். முழுசாக முடித்தார். நான் செய்தது ஒரு கேள்வி கேட்டது, இரண்டு பேரிடம் பேசியது. அந்த ஒரு கேள்வியை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

நம் நாட்டில் பெரிய பெரிய சேவைகளே களப்பணியிலிருந்துதான் பிறந்திருக்கின்றன. கஷ்டத்தில் இருக்கிற குழந்தைகளுக்கான 1098 எண் எல்லோருக்கும் தெரியும். அது 1996இல் மும்பையில், டிஸ் ஆசிரியர் ஜெரூ பில்லிமோரியா தெருக் குழந்தைகளோடு பழகியதிலிருந்து தொடங்கியது. சென்னையில் தெருவில் கைவிடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்கான ‘தி பேனியன்’ அமைப்பை 1993இல் தொடங்கியவர்கள் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள். வந்தனா சமூகப் பணி படித்தவர். வீதியில் பார்த்த ஒரு பெண்ணைத் தாண்டிப் போக அவர்களால் முடியவில்லை. பாடத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம் அம்மா. மனிதரை அவர் இருக்கிற இடத்தில்தான் பார்க்க முடியும்.

சரி, படித்தால் என்ன வேலை? எல்லோரும் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். சென்னை, டெல்லி எல்லாம் வேண்டாம். நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தை மட்டும் சொல்கிறேன்.

நம் மாவட்டத் தலைநகரம் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கிற போக்சோ நீதிமன்றமும் அங்கேதான். 2012இல் வந்த அந்தச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் ‘சப்போர்ட் பர்சன்’, அதாவது துணை நபர் என்று ஒருவர் உண்டு. குழந்தைகள் நலக் குழு அவரை நியமிக்கும். நான் இப்போது செய்கிற வேலைகளில் அதுவும் ஒன்று.

என்ன செய்வோம் என்றால், சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முன்பே அந்தப் பிள்ளையிடம் பேசுவோம். நீதிபதி எங்கே உட்காருவார், யார் கேள்வி கேட்பார், தண்ணீர் வேண்டும் என்றால் கேட்கலாம், களைப்பாக இருந்தால் நடுவில் இடைவேளை கேட்கலாம். அந்த ஆளின் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை, அதற்கு ஏற்பாடு செய்வது நீதிமன்றத்தின் பொறுப்பு. இவை எல்லாம் சட்டத்தில் இருக்கிற உரிமைகள். ஆனால் 9 வயதுப் பிள்ளைக்குச் சட்டப் புத்தகம் எப்படித் தெரியும்? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அதன் மொழியில் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: “நான் அழுதா ஜட்ஜ் திட்டுவாங்களா?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்தப் படிப்பு.

அதே நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே ‘சட்டத் தன்னார்வலர்கள்’ என்று பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை. சமூகப் பணி நமக்கு ஒத்துவருமா என்று தொட்டுப் பார்க்க நல்ல இடம்.

அடுத்து, குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. அதில் பாதுகாப்பு அலுவலர், ஆலோசகர், சமூகப் பணியாளர், களப்பணியாளர் என்று பணியிடங்கள். பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், 181 உதவி எண், முதியோருக்கான 14567, குழந்தைகள் இல்லங்கள், போதை மறுவாழ்வு மையங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளிகள் எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு படித்தவர்களைத் தேடுகிறார்கள்.

அடுத்தது நம் மில்கள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் வைக்க வேண்டும் என்று சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 250 என்று குறைத்திருக்கிறது. நூற்பாலை ஊரில் இருந்துகொண்டு நாம் இதைக் கவனிக்காமல் இருக்கிறோம். மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண்பிள்ளைகளுக்கு, புரிந்து பேசுகிற ஒரு நல அலுவலர் எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் இதற்கு எந்தெந்தப் பட்டம் செல்லும் என்று மாநில விதி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் புகார்களை விசாரிக்கக் குழு வேண்டும், அதில் வெளியிலிருந்து ஒரு உறுப்பினர் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அனுபவமுள்ள சமூகப் பணியாளர்கள் அதில் உட்காருகிறார்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டமும் அதே 2013இல் வந்தது. அந்தப் பணத்தை நல்லபடியாகச் செலவு செய்ய, களம் தெரிந்த ஆள் வேண்டும். சிவகாசியில் பட்டாசு விபத்து நடந்த வீடுகள், செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு, எல்லாம் நமக்கு ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறவை.

இப்போது கசப்பான உண்மை. சம்பளம் குறைவு. அரசுத் திட்டங்களில் பெரும்பாலானவை ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். வருஷா வருஷம் நீட்டிப்பு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களில் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். என் சம்பளத்தை மட்டும் வைத்து இந்த பிளாட்டுக்கு இ.எம்.ஐ. கட்ட முடியாது, என் வீட்டுக்காரர் சம்பளமும் சேர்ந்துதான் கட்டுகிறோம். இதை மறைத்துவிட்டு ‘கை நிறையச் சம்பளம்’ என்று உங்களிடம் சொன்னால் எனக்கும் அந்த விளம்பரத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். கம்பெனிகளின் மனிதவளத் துறை, சமூகப் பொறுப்புத் துறைக்குப் போனவர்கள் என்னைவிட நன்றாகவே வாங்குகிறார்கள். நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆனவர்களும் உண்டு. சமூகப் பணிக்குத் தனியாக நெட் தேர்வு இருக்கிறது.

மனச்சுமையும் உண்டு. சில நாள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேச முடியாது. கேட்டதை வெளியே சொல்லவும் முடியாது. நான் மொட்டை மாடியில் தனியாக நடப்பதைப் பார்த்து “என்ன, வீட்ல சண்டையா?” என்று கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சண்டை இல்லை. அன்றைக்குக் கோர்ட் இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் யார் படிக்கலாம்? பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நடத்துகிற பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். சமூகப் பணியோடு சம்பந்தப்பட்ட ஒரு பாடத்தை எடுத்து 8 வாரமோ 12 வாரமோ முழுசாகப் பாருங்கள். வீட்டு வேலை, குழந்தை, விருந்தாளி எல்லாவற்றுக்கும் நடுவில் தினம் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதே 12 வாரத்தில் வாரம் ஒரு நாள் ஏதாவது ஒரு இல்லத்துக்கோ பள்ளிக்கோ போய் உதவுங்கள். இரண்டும் முடிந்த பிறகும் ஆசை இருந்தால் சேருங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு 2 பருவம் சேர்க்கை நடக்கிறது. திங்கட்கிழமையே கட்ட வேண்டிய அவசரம் எந்த நல்ல பல்கலைக்கழகத்திலும் இல்லை.

வீட்டில் இருக்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியோ மருமகளோ படிக்கிறேன் என்றால் புத்தகச் செலவு பெரிய செலவு இல்லை. களப்பணி நாட்களில் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதுதான் பெரிய செலவு. என் மாமியார் அந்த நாட்களில் பையனைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். பட்டமளிப்புச் சான்றிதழ் வந்ததும் முதலில் அவர் கையில்தான் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

இந்தச் சான்றிதழை நான் லேமினேட் செய்யவில்லை. கேட்கிற இடத்தில் எல்லாம் காட்ட வேண்டியிருக்கிறதே!

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் வாருங்கள். விளம்பரத்தையும் கொண்டுவாருங்கள். யுஜிசி பட்டியலைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகளில் சில:

“எனக்கு வயது 52. ரிட்டயர்மென்ட் வாங்கப் போகிறேன். இனிமேல் சேரலாமா?”

சேர வயது வரம்பு தடையாக இருக்காது. அரசுத் திட்ட வேலைகளுக்கு அறிவிப்பில் வயது வரம்பு இருக்கும், அதனால் வேலைக்காகப் படிப்பதாக இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார். ஆனால் பேங்கிலோ ஆபீசிலோ 30 வருஷம் விண்ணப்பங்களைப் பார்த்த அனுபவம் பெரிய சொத்து. ஓய்வூதிய விண்ணப்பம் எப்படி நிரப்புவது என்று தெரியாமல் நிற்கிற பாட்டிக்கு உங்களைவிட நல்ல ஆள் யார்? சட்டத் தன்னார்வலராக முதலில் முயன்று பாருங்கள்.

“பிளஸ் டூ முடித்த மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். பி.எஸ்.டபிள்யூ. சேர்க்கலாமா, வேறு டிகிரி முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கலாமா?”

இரண்டு வழியும் சரிதான். எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் 18 வயதுப் பிள்ளை என்றால் கல்லூரிக்கே அனுப்புங்கள். அந்த வயதில் வீட்டிலேயே உட்கார்ந்து படிப்பதைவிட, நாலு விதமான மனிதர்களோடு பழகுவதே இந்தத் துறைக்கு முதல் பாடம்.

“நம் குடியிருப்பில் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?”

முடியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கிற பெரியவர்கள் நம் 3 பிளாக்கிலும் இருக்கிறார்கள். யார் எந்த வீடு, என்ன மருந்து, அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்வது என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியல் எடுக்கலாம். படிக்கச் சேருகிறவர்கள் வாரம் ஒரு முறை கதவைத் தட்டி, ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு வரட்டும். நான் சத்திரப்பட்டியில் கற்றுக்கொண்டதை அவர்கள் இங்கேயே, லிஃப்டில் ஏறியே கற்றுக்கொள்ளலாம்.

(பட்டியல் எடுக்கும் யோசனையைச் செயற்குழு ஏற்றுக்கொண்டது. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். மூன்றாவது மாடி அக்கா திங்கட்கிழமை பணம் கட்டவில்லை என்பதையும் அவர் சம்மதத்தோடு இங்கே குறிப்பிடுகிறோம்.)